பெருந்திரைக் கைபேசி: வரலாறும் நிறைகுறையும்

தொலைவிலுள்ளவரோடு பேச வேண்டும் என்னும் வேட்கை எல்லா மனிதருக்கும் உண்டு. எனினும், பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் புகுந்தவர்க்கு அவ்வேட்கை சற்று மிகுதி. கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் என்னும் ஏரிக்கும் பஜ்பஜ் செல்லும் இருப்புப்பாதைக்கும் தெற்கே அமைந்துள்ளது லேக் கார்டன்ஸ். ஏரிக்கு வடக்கே, ராஸ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். காப்பிப் பொடியும் வாழையிலையும் அங்கே கிடைத்தன. ஊர்ச் செய்தி மட்டும் எளிதிற் கிடைக்கவில்லை. அதற்குக் கடிதத்தையும் தந்தியையும் நம்பியிருந்தோம்; பின்னர் 'டிரங்க் கால்' பதிந்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருந்தோம்; அதன் பின்னர், கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்து எஸ்.டி.டி. கூடத்தின் வாயிலில் வரிசையில் நின்றோம். இன்றோ ஆறரை அங்குலக் கண்ணாடித் திரையொன்றில் அன்னையின் முகத்தையே காண்கிறோம்.

இத்திரை இவ்வளவு பெரிதானது எப்படி? பெரிதானதனால் நாம் பெற்றது யாது? இழந்தது யாது? வேற்று மொழி வழங்கும் நாட்டில் தமிழைக் காத்துக்கொள்ள வேண்டிய நமக்கு இத்திரை துணையா, தடையா? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

செய்தித் தொடர்பின் வரலாற்றில் கல்கத்தா நகருக்குத் தனி இடம் உண்டு. 1839-ஆம் ஆண்டில் ஓஷாக்னஸி என்னும் மருத்துவர் இந்நகரின் அருகே கம்பி கட்டி மின் தந்தியைச் சோதித்துப் பார்த்தார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. 1882 ஜனவரி 28-ஆம் நாள் கவுன்சில் ஹவுஸ் தெருவில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அன்று சந்தாதாரர் 93 பேர். சென்னையிலும் பம்பாயிலும் அதே நாளில் தொலைபேசி நிலையங்கள் பிறந்தன. 1895-இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியின் துணையின்றி மின்னலைகளைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். அவர் ஆராய்ந்தவை மில்லிமீட்டர் அளவுள்ள சிற்றலைகள். இன்றைய ஐந்தாம் தலைமுறைத் தொடர்பின் ஒரு பகுதி அவ்வகை அலைகளையே கையாளுகிறது.

சரியாக நூறு ஆண்டுகள் கழிந்தன. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து புது தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் கைபேசியிற் பேசினார். இந்திய நாட்டின் முதற் கைபேசி உரையாடல் அதுவே. அக்காலத்தில் அழைத்தவர் மட்டுமன்றி அழைக்கப்பட்டவரும் நிமிடக் கணக்கிற் கட்டணம் செலுத்தினார். 2003-ஆம் ஆண்டிலேதான் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியது. நான்காம் தலைமுறைச் சேவையும் நம் நாட்டில் முதன்முதல் 2012 ஏப்ரலில் கொல்கத்தாவிலேயே தொடங்கிற்று. மறு ஆண்டு ஜூலையில் நாட்டின் தந்திச் சேவை முற்றுப்பெற்றது. ஒரு சாதனம் வளர மற்றொன்று மறைதல் வரலாற்றின் இயல்பு.

இனித் திரையின் வரலாற்றுக்கு வருவோம். கைபேசி பிறந்தபோது பெரியதாகவே பிறந்தது. 1983-இல் விற்பனைக்கு வந்த மோட்டரோலா டைனாடேக் முக்கால் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. செங்கல் என்றே அதனைக் கேலி செய்தனர். அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைபேசியைச் சிறிதாக்குவதே பொறியாளரின் குறிக்கோளாயிருந்தது. உள்ளங்கைக்குள் மறையும் கருவியே பெருமைக்குரியதாயிற்று. 1994-இல் ஐ.பி.எம். நிறுவனம் 'சைமன்' என்னும் தொடுதிரைக் கைபேசியை வெளியிட்டது. நாலரை அங்குல நீளத் திரையும் அரைக் கிலோ எடையும் உடைய அக்கருவி நெடுநாள் நிலைக்கவில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை அது.

2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் மூன்றரை அங்குலத் திரையுடன் வந்தது. எண் பொத்தான்கள் ஒழிந்தன. கருவியின் முகம் முழுவதும் திரையாயிற்று. படமும் எழுத்தும் வரைபடமும் அதிலே தோன்றத் தொடங்கியதும், இன்னும் சற்றுப் பெரிதாயின் நலமன்றோ என்னும் ஆசை பிறந்தது. எனினும் அந்நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், கையால் வளைத்துப் பிடிக்க இயலாத கருவியை எவரும் வாங்கமாட்டார் என்று 2010-இல் கருத்துரைத்தார். மறு ஆண்டு செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையும் எழுதுகோலும் கொண்ட 'கேலக்சி நோட்' கருவியை வெளியிட்டது. அதன் எடை 178 கிராம். கன்னத்தில் அதனை வைத்துப் பேசுவோரைக் கண்டு நகைத்தவர் பலர். ஆனால் ஓராண்டு நிறையுமுன் ஒரு கோடிக் கருவிகள் விற்றுவிட்டன.

நம் நாட்டில் அது வந்திறங்கியபோது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையே இருந்தது. 2012-இல் மைக்ரோமேக்ஸ் என்னும் இந்திய நிறுவனம் ஐந்து அங்குலத் திரையுள்ள 'கேன்வாஸ்' வரிசையைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கொண்டுவந்தது. செல்வர் கையிலிருந்த பெருந்திரை குமாஸ்தாவின் கைக்கும் வந்தது. 2014-இல் ஆப்பிள் நிறுவனமும் ஐந்தரை அங்குலக் கருவியை வெளியிட்டது. அதன் பின்னர், பெரியது, சிறியது என்னும் வழக்கு அடங்கிவிட்டது, பெரியதே பொதுவாயிற்று. இன்று சிறிய திரையுள்ள நல்ல கருவியை விரும்புவோர் கடை கடையாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஈண்டுக் கணக்கொன்றைக் கவனித்தல் நன்று. திரையின் அளவை மூலைக்கு மூலை அளந்து சொல்லுதல் வணிகரின் வழக்கம். ஆனால் மூலைவிட்டம் ஒன்றே முழு உண்மையைச் சொல்லாது. 5.3 அங்குல நோட் கருவியின் திரை ஏறத்தாழ 2.8 அங்குல அகலமும் 4.5 அங்குல உயரமும் உடையது. இன்று பரவலாக விற்கும் ஆறரை அங்குலத் திரையோ, இருபதுக்கு ஒன்பது என்னும் விகிதத்தில் அமைவதால், அகலத்தில் 2.67 அங்குலமே, உயரம் மட்டும் ஆறு அங்குலத்தை நெருங்குகிறது. அஃதாவது, 'பெரிய' திரை என்று நாம் வாங்குவது பழைய பெருந்திரையினும் குறுகலானது. பனைமரம் போல உயர்ந்திருக்கிறதேயன்றி ஆலமரம் போல விரியவில்லை. 2017-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த மாற்றம் இது. கை பற்றுவதற்கு அகலம் தடை, உயரம் தடையன்று என்பதே இதன் காரணம்.

இக்கணக்கு தமிழருக்கு ஏன் வேண்டும்? தமிழ்ச் சொற்கள் நீண்டவை. பெயரோடு வேற்றுமையுருபும், வினையோடு காலமும் இடமும், அவற்றோடு சாரியையும் சேர்ந்து ஒரே சொல்லாக நடப்பது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலத்தில் ஆறு சொற்களாக வருவது தமிழில் இரண்டு சொற்களில் அடங்கும். குறுகலான திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொற்களே நிற்கும். மூன்றாவது சொல் கீழே விழும். கண் வரிதோறும் தாவி இளைக்கும். ஆதலின், தமிழ் படிப்பவருக்குத் திரையின் உயரத்தைக் காட்டிலும் அகலமே பெரிதும் பயன்படுவது.

எழுதுவதிலும் இவ்வுண்மை புலனாகும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே 'தமிழ்99' என்னும் விசைப்பலகை அமைப்பு ஒழுங்குபெற்றது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக 31 விசைகள் அதில் உள்ளன. மேல் வரிசையில் 12, நடு வரிசையில் 11, கீழ் வரிசையில் 8. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையிலோ 10 எழுத்துகளே. மூன்றரை அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 49 மில்லிமீட்டர். அதில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். தமிழ் எழுத்துக்கு 4 மில்லிமீட்டரே கிடைக்கும். நாற்பது வயதைக் கடந்தவரின் கட்டைவிரல் அவ்விடத்தில் என் செய்யும்? 'க'வைத் தொட்டால் 'ப' விழும். முன்னாளில் நம்மிற் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று, இடமின்மையும் காரணம். 2005-இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' பொத்தான் கைபேசியிலேயே தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. திரை விரிந்து தமிழ் எழுத்துக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் இடம் கிடைத்த பின்னர், தமிழைத் தமிழிலேயே எழுதுதல் வயது முதிர்ந்தவருக்கும் இயல்வதாயிற்று. பெருந்திரை தமிழுக்குச் செய்த முதல் உதவி இது என்போம்.

திரையின் உள்ளமைப்பிலும் கல்கத்தாத் தமிழர் ஒருவரின் பணி கலந்திருத்தல் அறியத்தக்கது. மத்திய அரசின் கணக்குத் துறை அலுவலராக 1907-இல் இந்நகருக்கு வந்து, அலுவல் முடிந்த வேளைகளில் பௌபஜாரிலிருந்த ஆராய்ச்சிச் சங்கத்தில் உழைத்து உலகப் புகழ் எய்தியவர் சர் சி. வி. ராமன். அவருடைய தங்கையின் மகன் சி. சந்திரசேகர், முழுப்பெயர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். நீர்மம் போல ஓடியும் படிகம் போல ஒழுங்குற்றும் இருக்கும் பொருளுக்குத் திரவப் படிகம் என்று பெயர். அப்பொருள்களின் மூலக்கூறுகள் கோல் வடிவின என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அமையும் என்று 1977-இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சந்திரசேகரும் அவருடைய துணைவரும் கண்டு வெளியிட்டனர். பின்னாளில் அவ்வகைப் பொருளாலான மெல்லிய படலம், திரவப் படிகத் திரையைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினும் தோற்றம் கெடாமற் காக்கப் பயன்பட்டது. திரை சிறிதாயிருந்தபோது நேரே பார்த்தல் போதும். திரை பெரிதாகிப் பலர் சூழ்ந்து பார்க்கும்போதே பக்கப் பார்வை இன்றியமையாததாகிறது. இன்றைய கைபேசிகள் பலவற்றில் தாமே ஒளிவிடும் கரிமப் பொருள் திரைகள் வந்துவிட்டன. எனினும் இக்கண்டுபிடிப்பின் பெருமை குன்றுவதில்லை.

இனிப் பெருந்திரையின் நன்மைகளைத் தொகுத்து நோக்குவோம். வெள்ளெழுத்து விழுந்தவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க இடம் கிடைக்கிறது. ஆயினும் திரை பெரிதானால் எழுத்து தானே பெரிதாகிவிடாது. கருவியின் அமைப்புப் பகுதியிற் சென்று எழுத்தின் அளவைக் கூட்டிவைத்தாலன்றிப் பயனில்லை. இதனை அறியாமல், பெரிய கருவியை வாங்கிக் கொடுத்தும் முதியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கும் வீடுகள் உண்டு. அடுத்து, கருவி பெரிதாயிருப்பதால் உள்ளே பெரிய மின்கலம் வைக்க இடமுண்டு. முதல் நோட் கருவியின் மின்கலம் 2,500 மில்லி ஆம்பியர்-மணி. இன்று 5,000 என்பது பொதுவளவு. பெருந்திரை அதிக மின்சாரம் உண்ணுமாயினும், கூடுதலான சேமிப்பு அதனை ஈடுசெய்கிறது. இரண்டு நாள் ரயிற் பயணத்தில் ஊர் செல்பவருக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது நன்மை நூல் வாசிப்பு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. ஆயினும் அலுவல் நாளில் அங்குச் செல்ல எத்தனை பேருக்கு இயலும்? அச்சிட்ட பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்த பழைய நூலொன்றைச் சிறுதிரையிற் படிப்பது, சாவித் துவாரத்தின் வழியே தேர்த் திருவிழாவைப் பார்ப்பதை ஒக்கும். பெருந்திரையைக் கிடையாகத் திருப்பினால் அப்பக்கத்தின் முழு வரியும் அடங்கும். தஞ்சையிலோ நெல்லையிலோ இருக்கும் உறவினரின் கல்யாணப் பத்திரிகையும், கோயிற் குடமுழுக்கு அழைப்பும் இங்ஙனமே.

குறைகள் யாவை? முதலாவது, கையின் அளவு வளரவில்லை. 2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்னும் வடிவமைப்பாளர் பொதுவிடங்களிற் கைபேசியைக் கையாளும் மக்களை உற்று நோக்கினார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே கையால் கருவியைப் பிடித்து அக்கையின் கட்டைவிரலாலேயே இயக்கினர் என்று கண்டார். லேக் கார்டன்ஸ் நிலையத்தில் காலை வேளையில் உள்ளூர் ரயில் ஏறுவோரை நினைத்துப் பாருங்கள். ஒரு கை மேற்பிடியைப் பற்றியிருக்கும், தோளிலோ பையிருக்கும், எஞ்சிய ஒரு கையில் இருநூறு கிராம் கண்ணாடி. கட்டைவிரல் திரையின் மேல் மூலைக்கு எட்டாது. எட்டச் செய்ய முயன்றால் பிடி நழுவும். விழுந்தால், பெரிய கண்ணாடிக்குப் பெரிய செலவு. கருவியின் விலையில் கணிசமான பங்கைத் திரை மாற்றுவதற்கே கொடுக்க நேரும். திரையைச் சுருக்கிக் கீழிறக்கும் 'ஒருகை முறை' பல கருவிகளில் உண்டு. பெரிய திரையை வாங்கிப் பின் அதனைச் சிறிதாக்கிப் பயன்படுத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, நம் சட்டைப் பை. குனியும்போது கருவி தானே வெளியே வருகிறது. மூன்றாவது, வலுவான மின்கலத்தை ஒடுங்கிய இடத்தில் அடைப்பதிலுள்ள ஆபத்து. 2016-இல் வந்த கேலக்சி நோட் 7 கருவிகள் சில தீப்பற்றின. மின்கலத்தின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நேர்ந்த பிழைகளே காரணமென்று நிறுவனம் பின்னர் வெளியிட்டது. இருபத்தைந்து லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற முனைந்து, மாற்றுக் கருவிகளும் தீப்பற்றவே, அவ்வகையையே கைவிட நேர்ந்தது. 2019 முதல் மடிக்கத்தக்க திரைகள் கடைக்கு வந்துள்ளன. பைக்குள் சிறிதாகவும் கைக்குள் பெரிதாகவும் இருக்கும் அவை பழைய வழக்கைத் தீர்க்க முயல்கின்றன. எனினும் விலையோ பெரும்பாலோர்க்கு எட்டாதது.

மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மொழிபெயர்ப்பாளருக்கும் பெருந்திரை முழுத்துணை ஆகாது. நெடிய திரையை இரண்டாகப் பிரித்தால் மேலே நான்கு வரி, கீழே நான்கு வரி. ஒரு பத்தியின் போக்கை அறிய அது போதாது. படிப்பதற்கு ஏற்ற கருவி வேறு, பணிக்கு ஏற்ற மேசை வேறு என்பதை இத்தொழிலில் இருக்கும் நாம் நாள்தோறும் உணர்கிறோம்.

இவையெல்லாம் உடலுக்கும் பணப்பைக்கும் உற்ற குறைகள். இவற்றினும் ஆழமானது ஒன்றுண்டு. நம் குழந்தைகள் இங்கே பள்ளியில் ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும் கற்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. முன்பு பாட்டியின் 'இன்லண்டு' கடிதம் வந்தால், அதனைப் படிக்கும் பொருட்டாகிலும் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. "தாத்தாவுக்கு இரண்டு வரி எழுது" என்று தாய் வற்புறுத்தும்போது, கோணலும் மாணலுமாக நாலு தமிழ் வரி பிறந்தது. இன்று பெருந்திரையில் பாட்டியே நேரில் தோன்றுகிறாள். முகம் கிடைத்தது, கடிதம் போயிற்று. காணொளி அழைப்பிற் பேசும் குழந்தைக்கு 'ழ'கரம் காதில் விழும், கண்ணில் விழாது. திரை பெரிதாக ஆகப் படம் பெருகுகிறது; படம் பெருகப் பெருக எழுத்து ஒதுங்குகிறது. தமிழை எழுத இடங்கொடுத்த அதே திரைதான் தமிழை எழுதாமலே வாழவும் இடங்கொடுக்கிறது.

இதற்குத் திரையைப் பழித்துப் பயனில்லை. அன்னையின் முகத்தைக் காட்டும் சாதனத்தை வெறுக்க எவருக்கு மனம் வரும்? மருத்துவமனையில் கிடக்கும் தந்தையை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கண்டு தேற்றும் பேறு நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. தந்தி வந்து ரயிலேறி ஊர் சேருமுன் எல்லாம் முடிந்துபோன துயரக் கதைகள் இங்குள்ள பழைய குடும்பங்களில் உண்டு. அந்தத் துயரத்தை நினைத்தால், பெருந்திரை ஓர் அருட்கொடையே. ஆயினும், கிடைத்ததைப் போற்றும் வேளையில் போவதையும் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா?

ஆகவே, பெருந்திரைக் கைபேசி வாங்க எண்ணும் தமிழன்பர் சிலவற்றைக் கருத வேண்டும். மூலைவிட்டத்தின் எண்ணைக் கண்டு மயங்காமல் அகலத்தைப் பார்க்க வேண்டும். கடையிலேயே ஒரு தமிழ்ப் பத்தியைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துப் பார்க்கலாம். நாள்தோறும் ரயிலில் நின்று செல்பவர் தம் கட்டைவிரல் எவ்வளவு எட்டும் என்று பிடித்துப் பார்க்க வேண்டும். அவருக்குச் சிறியதே நன்று. வீட்டிலிருந்து படிக்கும் முதியவருக்குப் பெரியது நன்று. ஆனால் எடை மிகுந்தால் மணிக்கட்டு நோகும். ஆதலால் தாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்குதல் நலம். வாங்கிய அன்றே தமிழ் விசைப்பலகையை நிறுவிவிட வேண்டும். நாளை என்று ஒத்திவைத்தால் அது நடப்பதில்லை.

யாவற்றினும் மேலாக, வாரத்துக்கு ஒரு முறையேனும் ஊரிலுள்ள பெரியவருக்குக் குழந்தையைக் கொண்டு இரண்டு வரி தமிழில் எழுதச் செய்வோமாக. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியை அவ்வேளையில் மூடி வைப்போம். பெரியவரும் படத்தை அனுப்பாமல் எழுத்திலேயே மறுமொழி எழுதட்டும். குழந்தை அதனை உரக்கப் படிக்கட்டும். எழுத்துப் பிழை இருக்குமாயின் இருக்கட்டும். தாத்தா திருத்தி அனுப்புவார். பழைய கடிதங்களிலும் பிழைகள் இருந்தனவே. அவற்றை நாம் இன்றும் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவில்லையா?